தால் மன்றத்து வரிசை

சென்னைப் பட்டணத்தில் சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்களுக்கு எக்காலத்திலும் குறைவு இருந்ததில்லை. ஆயினும், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தவுடன் தோற்றவர் எழுந்து போக, ஜயித்தவர் அமர்ந்த இடத்திலேயே அமர்ந்திருக்க, அடுத்து நிற்பவர் எதிரில் வந்து உட்காருகிற சம்பிரதாயம் இங்கே வேரூன்றியது 1972-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் என்று நான் கருதுகிறேன். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்தின் இளமைக்கால ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய வேகத்தை வியப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அவ்வேகம் எந்த இடத்தில், எந்தப் பழக்கத்தின் பயனாக விளைந்தது என்று கேட்பவர் சிலரே. பிறவி மேதை என்று ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்துவிடுவது சுலபம். சரித்திரம் எழுதப் புகுந்தவனுக்கு அது போதாது.

அந்த ஐந்து நிமிஷச் சம்பிரதாயத்துக்கு முற்பட்ட நம் ஆட்டம் திண்ணையின் ஆட்டம். நாட்டு முறை என்று வழங்கிய அந்த ஆட்டத்தின் விதிகள் ஊருக்கு ஊர் சற்றே மாறுபட்டாலும், பொதுவாகச் சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டத்துக்கு மேல் நகர முடியாது. ராஜாவும் யானையும் இடம் மாற்றிக்கொள்ளும் மேல்நாட்டு யுக்திக்குப் பதிலாக, இன்னும் ஒரு முறைகூட ‘ஷா’ என்னும் செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போல் தாவிக்கொள்ளலாம். எதிர்க்கோடியைத் தொட்ட சிப்பாய், எந்தக் காயின் வரிசையில் சென்றதோ அந்தக் காயாக மட்டுமே உயிர்பெறும். இத்தகைய விதிகளால் இரு தரப்புப் படைகளும் ஒன்றையொன்று நெருங்குவதற்கே நெடுநேரம் பிடிக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கிய ஆட்டம் விளக்கு வைக்கிற வேளையிலும் முடிந்திராது. அதைப் பற்றி எவரும் விசனப்பட்டதாகவும் தெரியவில்லை, ஏனெனில் நேரம் என்பது அந்த ஆட்டத்தில் ஒரு காயாகவே இருந்ததில்லை.

மேல்நாட்டு முறை நம் தேசத்துக்குத் தெரியாதிருந்தது என்று இதனால் பொருளல்ல. 1814-லேயே திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்னும் பண்டிதர், ஐரோப்பிய ஆட்ட முறைக்கு ஏற்பத் திருத்தி எழுதிய சதுரங்க நூலொன்று பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது; பெயரைக் கொண்டு அவர் தென்னாட்டவர் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு நூல் வெளிவருவது வேறு, ஒரு தேசத்தின் பழக்கம் மாறுவது வேறு. நாட்டு முறையில் வளர்ந்து பின்னர் மேல்நாட்டு முறை பயின்ற பஞ்சாபியரான மீர் சுல்தான் கான், 1929-இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியனான காபபிளாங்காவையே வென்றபோதிலும், ஆட்டத் தொடக்கங்களில் அவருக்கு இருந்த பலவீனத்தைச் சமகாலத்தவர் பலர் குறிப்பிட்டிருக்கிறார்கள். புத்தகப் பரிச்சயமின்றி, கற்ற விதிகளை மறந்து வேறு விதிகளைக் கற்க வேண்டியிருந்த தலைமுறையின் கஷ்டம் அது. 1951-இல் அகில இந்தியச் சதுரங்க சம்மேளனம் ஸ்தாபிக்கப்பட்டு, 1955-இல் ஏலூரில் முதல் தேசியப் போட்டி நடந்த பிறகுதான் சர்வதேச முறை நம்மிடையே நிலைகொள்ளத் தொடங்கிற்று.

இந்த மாறுதல் காலத்தின் பிரதிநிதி என்று எவரேனும் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் மானுவல் ஆரோனைச் சொல்ல வேண்டும். 1935-இல் பர்மாவில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், 1959 முதல் 1981 வரையிலான காலத்தில் ஒன்பது முறை தேசிய சாம்பியனாக இருந்தார். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். சதுரங்கத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல்வரும் அவரே. 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மண்டலங்களுக்கிடையிலான போட்டியில், ஃபிஷர் முதலிடம் பெற்ற அந்த மகாசபையில், ஆரோன் கடைசி இடத்தைத்தான் பெற்றார். எனினும் அதே போட்டியில் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் ஜெர்மனியின் ஊல்மனையும் அவர் வென்றார் என்பதை அட்டவணையைக் கூர்ந்து பார்க்கிறவர்கள் காணலாம். இப்படிப்பட்டவர்களை வெல்லும் திறமையுள்ளவர் மற்றவர்களிடம் ஏன் அடுத்தடுத்துத் தோற்றார் என்பதற்கு, சாமர்த்தியக் குறைவைவிட, நல்ல புத்தகங்களும் பலம் வாய்ந்த எதிரிகளும் நாள்தோறும் கிடைக்காத ஊரிலிருந்து போனவர் என்பதே ஏற்கத்தக்க காரணமாகப் படுகிறது.

அந்தக் குறையைத் தீர்க்க அவர் செய்த காரியந்தான் நம் கதைக்கு முக்கியம். ரெய்க்யவிக் நகரில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் உலகப் பட்டத்துக்காகப் போராடி, சதுரங்கம் என்றால் என்னவென்று அறியாதவர்கள்கூடப் பத்திரிகையில் அதன் செய்தியைத் தேடிய அதே 1972-இல், சென்னையிலிருந்த சோவியத் கலாசார நிலையத்தின் ஆதரவில் ஆரோன் ஒரு மன்றத்தை ஆரம்பித்தார். இருபத்துமூன்றாம் பிராயத்தில், 1960-இல், போட்வின்னிக்கைத் தோற்கடித்து உலக சாம்பியனான ரீகா நகரத்து மிகைல் தால் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. காய்களைத் தானம்போல் பலி கொடுத்து எதிரியைத் திக்குமுக்காடச் செய்பவர் என்று பெயரெடுத்தவரின் நாமம், கைவேகத்துக்குப் பேர்போகவிருந்த ஒரு மன்றத்துக்கு அமைந்தது பொருத்தந்தான். சோவியத் நிலையத்தார் பலகைகளும் கடிகாரங்களும் புத்தகங்களும் பத்திரிகைகளும் வழங்கினார்கள். சதுரங்கத்தைத் தங்கள் சமுதாய அமைப்பின் பெருமைகளில் ஒன்றாக அவர்கள் எண்ணிய காலம் அது. அந்த எண்ணத்தில் பிரசார நோக்கம் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பிரசாரத்தின் உபயத்தால் ஒரு நகரத்துச் சிறுவர்களுக்கு நல்ல கடிகாரம் கிடைத்தது என்றால், அந்தப் பிரசாரத்தைப் பற்றி நான் அதிகம் கோபப்பட மாட்டேன்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே பெட்டியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முகங்கள்; மேலே இரண்டு பொத்தான்கள். தன் காயை நகர்த்தியவர் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் அவருடைய கடிகாரம் நின்று எதிரியின் கடிகாரம் ஓடத் தொடங்கும். காயை எடுத்த கையாலேயே பொத்தானையும் அழுத்த வேண்டும் என்பது விதி. பன்னிரண்டை நெருங்கும் நிமிஷ முள், எண்ணுக்கு அருகில் தொங்கும் சின்னஞ்சிறு சிவப்புக் கொடியை மெல்லத் தூக்கிக்கொண்டே போய், நேரம் தீர்ந்த க்ஷணத்தில் அதை நழுவ விடும். கொடி விழுந்தால் ஆட்டம் போயிற்று. ராணியும் இரண்டு யானைகளும் கையிருப்பில் இருந்தாலும் பயனில்லை. கொடி பாதி தூக்கியிருக்கையில் இன்னும் எத்தனை விநாடி மிச்சம் என்பதை முள்ளைப் பார்த்துக் கணிக்க முடியாது. ஆகையால் அனுபவசாலிகள் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, கையைப் பலகைக்கும் பொத்தானுக்கும் இடையே நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

தால் மன்றத்தில் ஆட வருகிறவர்கள் அநேகர். ஆகவே ஜயித்தவர் நீடிக்கலாம், தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்ற நியாயம் தானாகவே ஏற்பட்டது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது இடநெருக்கடியால் வந்த ஏற்பாடு. பயனை நோக்கினால் எந்த ஆசிரியரும் யோசித்து வகுக்காத ஒரு பாடத்திட்டம். விளையாட ஆசைப்படும் சிறுவனுக்கு அதிகம் விளையாடக் கிடைத்த ஒரே வழி, அதிகம் ஜயிப்பது. தோல்வியின் தண்டனை அவமானம்கூட அல்ல, காத்திருத்தல். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவமானத்தைவிடக் காத்திருத்தலே கொடிது. வயதில் மூத்தவர், உத்தியோகஸ்தர், மாநிலச் சாம்பியன் என்ற வித்தியாசம் வரிசைக்குத் தெரியாது. இப்படியாக ஒரு மாலைப் பொழுதில், ஒரே நாற்காலியில் அமர்ந்தபடி, பலவிதமான எதிரிகளின் பலவிதமான தொடக்கங்களைச் சந்திக்கும் பழக்கம் ஒரு குழந்தைக்கு வாய்த்தது என்றால், அதற்கு ஈடான பயிற்சியை அக்காலத்தில் எந்தப் பாடசாலையும் கொடுத்திருக்க முடியாது.

அக்குழந்தை 1969 டிசம்பர் 11-ஆம் தேதி மாயூரத்தில் பிறந்தவன். தகப்பனார் விசுவநாதன் தெற்கு ரெயில்வேயில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தார். ஆட்டத்தை ஆறாம் வயதில் சொல்லிக் கொடுத்தவர் தாயார் சுசீலா. எழுபதுகளின் இறுதியில் தகப்பனாரின் பணி நிமித்தமாகக் குடும்பம் மணிலா நகரத்தில் சில காலம் வசிக்க நேர்ந்தது. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான யூஜீனியோ டோரேயின் தேசம் அது. 1978-இல் கார்ப்பவும் கோர்ச்னாயும் உலகப் பட்டத்துக்கு ஆடியது அந்த நாட்டின் மலைநகரமாகிய பாகியோவில். அங்கே தொலைக்காட்சியில் பகல்வேளையில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். பையன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தாயார் அன்றைய புதிரைக் குறித்து வைத்துக்கொள்வார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அஞ்சலில் அனுப்புவார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு புத்தகம். ஒரு கட்டத்தில் நிகழ்ச்சியை நடத்தியவர்கள், நூலகத்தில் உள்ள புத்தகங்களில் வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு போ, இனிமேல் விடை எழுதாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பல பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கும் சம்பவம் இது.

சென்னை திரும்பி, எழும்பூர் டான் பாஸ்கோ பள்ளியில் படித்துக்கொண்டு மன்றத்து வரிசையில் மீண்டும் போய் நின்ற அந்தப் பையன், 1983-இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பது ஆட்டங்களிலும் வென்று பட்டம் பெற்றான். அதற்கு மேல் நிகழ்ந்தவற்றை வேகமாகவே சொல்லிவிடலாம், அவை நிகழ்ந்ததும் அவ்வாறே. 1984-இல் கோயம்புத்தூரில் ஆசிய ஜூனியர் பட்டம். மறு ஆண்டு ஹாங்காங்கில் அதே பட்டம், பதினைந்து வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர். பதினாறில் தேசிய சாம்பியன். 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன், அதுவும் அந்தப் பாகியோ நகரத்திலேயே. 1987 முடிந்து 1988 பிறக்கும் பருவத்தில், கோயம்புத்தூரில் சக்தி ஃபைனான்ஸ் நிறுவனத்தார் ஆதரவில் நடந்த சர்வதேசப் போட்டியில் எஞ்சியிருந்த தகுதியையும் பெற்று, அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்போது வயது பதினெட்டு.

அவருடைய ஆட்டத்தை அந்நாட்களில் பார்த்தவர்கள் முதலில் கவனித்தது காய்களை அல்ல, காலி நாற்காலியை. நாற்பது நகர்த்தல்களுக்கு இரண்டரை மணி நேரம் என்பது அக்காலத்துச் சர்வதேச வழக்கம். எதிரி அதில் இரண்டு மணி நேரத்தைச் செலவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஆனந்த் அரை மணியைக்கூடச் செலவழிக்காமல் தம் காயை நகர்த்திவிட்டு, மற்ற மேஜைகளில் என்ன நடக்கிறது என்று உலாவிக்கொண்டிருப்பார். இதனால் எதிரிக்கு விளையும் நஷ்டம் இரண்டு விதம். மற்றவர்களோடு ஆடும்போது அவர்கள் யோசிக்கும் நேரத்தில் நாமும் யோசிக்கலாம். ஆனந்தோடு ஆடும்போது அந்த இலவச அவகாசம் கிடையாது. மேலும், நாம் அரை மணி யோசித்துச் செய்த காரியத்துக்கு அரை நிமிஷத்தில் பதில் வந்தால், நம் யோசனையில் ஏதோ கோளாறு என்ற சந்தேகம் மனத்தில் புகும். சிலர் தாமும் வேகமாக ஆடத் தலைப்பட்டுக் கெட்டார்கள்.

சதுரங்கத்தில் வேகம் என்பது கையின் குணமல்ல, கண்ணின் குணம். சாதாரண ஆட்டக்காரன் நாலைந்து நகர்த்தல்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரி என்ன செய்வான், அதற்குத் தான் என்ன செய்வான் என்று கிளை கிளையாகக் கணக்கிட்டுச் செல்கிறான். இளம் ஆனந்துக்கோ பலகையைப் பார்த்த மாத்திரத்தில் சரியான நகர்த்தல் முன்னால் வந்து நிற்கும். கணக்கு என்பது அதைச் சரிபார்ப்பதற்கு மட்டுமே. திறந்த பலகையில், காய்கள் தடையின்றி ஓடித் திரியும் நிலைகளில், குறிப்பாக அவருடைய குதிரைகள் எதிர்பாராத கட்டங்களில் போய் அமரும்போது, இந்தக் கண்பார்வைக்கு நிகரில்லை. வெள்ளைக் காய்களைக் கொண்டு ஆடும்போது ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவதில் அவருக்கிருந்த பிரீதிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். விரைவில் மோதல் ஏற்படுகிற தொடக்கம் அது.

ஆனால் வரிசை கற்றுக்கொடுத்த குணத்தோடு வரிசை கற்றுக்கொடுத்த குறையும் சேர்ந்தே வந்தது. ஐந்து நிமிஷ ஆட்டத்தில் நல்ல நகர்த்தல் ஒன்று தென்பட்டவுடன் ஆடிவிட வேண்டும். அதைவிடச் சிறந்தது ஒன்று உண்டா என்று தேடப் புகுந்தால் கொடி விழுந்துவிடும். இந்த நியாயம் ஐந்து மணி நேர ஆட்டத்துக்குப் பொருந்தாது. 1991 ஜனவரியில், உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில், தம் ஊராகிய சென்னையிலேயே ரஷ்யரான அலெக்ஸி ட்ரேயேவை 4½–1½ என்ற கணக்கில் ஆனந்த் வென்றபோது இந்தக் குறை வெளிப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் கார்ப்பவைச் சந்தித்தபோது வெளிப்பட்டது. எட்டு ஆட்டங்கள் கொண்ட அந்தப் பந்தயத்தில் சாதகமான நிலைகள் பலவற்றை அடைந்தும், அவற்றை வெற்றியாக மாற்றுவதற்கு வேண்டிய நிதானம் இன்றி, 3½–4½ என்று ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவர் தோற்றார். எதிரில் இருந்தவரோ, ஒவ்வொரு சிறு லாபத்தையும் கஞ்சன் காசு சேர்ப்பதுபோல் சேர்த்துவைத்தே பத்தாண்டுகள் உலகப் பட்டத்தைக் காத்தவர். இளையவருக்கு அது எவ்வளவு கசந்திருந்தாலும், அந்தத் தோல்வியே அவரை நாற்காலியில் உட்கார வைத்தது என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பின் வந்த ஆட்டங்களில் முக்கியமான கட்டங்களில் அவர் நின்று யோசிப்பதைப் பார்க்கிறோம்.

அதன் பலன் தெரிய நாலைந்து மாதங்களே ஆயின. 1991 டிசம்பர் கடைசி வாரத்தில் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் தொடங்கிய போட்டி, அதுவரை உலகில் நடந்தவற்றில் மிகவும் பலம் வாய்ந்தது என்று கணிக்கப்பட்டது. ஆடியவர் பத்துப் பேர். காஸ்பரவ், கார்ப்பவ், கெல்ஃபாண்ட், இவான்சுக் முதலிய ஒன்பது பேரும் சோவியத் பள்ளியில் வளர்ந்தவர்கள். பத்தாமவர் மட்டும் சென்னை இளைஞர். கருப்புக் காய்களுடன், பிரெஞ்சுத் தற்காப்பு என்னும் தொடக்கத்தைக் கையாண்டு, உலக சாம்பியனான காஸ்பரவையே அவர் தோற்கடித்தார். ஒன்பது ஆட்டங்களில் ஆறு புள்ளிகள் பெற்று, காஸ்பரவுக்கும் கெல்ஃபாண்டுக்கும் அரைப் புள்ளி மேலே முதலிடம் பெற்றார். அந்த வாரத்தில்தான் சோவியத் யூனியன் என்ற ராஜ்யம் உலகப் படத்திலிருந்து மறைந்தது. அந்த ராஜ்யத்தின் கலாசார நிலையம் கொடுத்த பலகையில் பயின்றவன், அந்த ராஜ்யம் வளர்த்த ஒன்பது பேருக்கும் முன்னால் வந்து நின்றான் என்பதில் உள்ள விசித்திரத்தைச் சரித்திரம் எப்போதாவதுதான் இவ்வளவு பச்சையாக எழுதிக் காட்டுகிறது.

பின்னர் 1995-இல் நியூயார்க்கில் காஸ்பரவிடம் தோற்றதும், 2000-இல் டெஹ்ரானில் முதல் உலகப் பட்டம் பெற்றதும், 2007 முதல் 2013 வரை அப்பட்டத்தைக் காத்து, சென்னையிலேயே கார்ல்சனிடம் அதை இழந்ததும் எல்லோரும் அறிந்தவை. அவை முதிர்ந்த ஆனந்தின் கதை. ஆனால் 2017 டிசம்பரில் ரியாத் நகரில் நடந்த உலக விரைவாட்டப் போட்டியில், தம்மைவிட இருபது முப்பது வயது இளையவர்களை எல்லாம் பின்தள்ளி, நாற்பத்தெட்டாம் வயதில் அவர் சாம்பியன் ஆனதை மட்டும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கணக்கிடும் சக்தி வயதோடு தேயும் என்பார்கள். சிறு பிராயத்தில் வரிசைக்குப் பயந்து பழகிய கண் தேயவில்லை போலும்.

இன்று சென்னையில் சதுரங்கம் கற்கும் பிள்ளைகள் எந்த வரிசையிலும் நிற்பதில்லை. கைபேசித் திரையைத் தொட்டால் எந்த நேரத்திலும் எந்த தேசத்திலிருந்தோ ஓர் எதிரி கிடைத்துவிடுகிறான்; தோற்றால் அடுத்த க்ஷணமே இன்னொருவன். ஆகவே இவர்கள் ஆனந்தைவிடவும் வேகமாக ஆடுகிறவர்களாக வளர்வார்கள் என்று எவரும் எதிர்பார்ப்பது இயல்பே. நடந்தது வேறு. 2006-இல் சென்னையில் பிறந்து, பன்னிரண்டு வயதும் ஏழு மாதமும் ஆனபோதே கிராண்ட்மாஸ்டராகி, 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனைப் பதினான்காவது ஆட்டத்தில் வென்று உலக சாம்பியனான குகேஷ், விரைவாட்டத்தைவிட நீண்ட ஆட்டத்தில் பலசாலி. ஒரே நகர்த்தலுக்கு நெடுநேரம் கண்ணை மூடிக் கணக்கிடுகிறவர். அவரைப் பயிற்றுவித்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, மற்றப் பிள்ளைகள் கணிப்பொறி சொல்லும் விடையைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், அந்த இயந்திரத்தின் பக்கமே போகவிடாமல், பலகையைப் பார்த்துத் தானே விடை காணும்படி அவரை ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்திருந்தார்.